குறி தப்பியது யாருக்கு?

எங்கள் ஊர் மிராசுதார் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. காக்கா சுடுவதாகச் சொல்லிக்கொண்டு அதைச் சேரிப் பக்கமாகத் திருப்பிப் பிடிப்பார். நாங்கள் சிதறி ஓடுவோம். திண்ணையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். துப்பாக்கியை நான் முதன்முதலில் பார்த்தது அதன் வாய்ப்பக்கத்திலிருந்துதான்.

வெண்மணி எங்கள் ஊரிலிருந்து நடந்துபோகிற தூரம். 1968 டிசம்பர் 25 ராத்திரி அங்கே ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தபோது எனக்குப் பதிமூன்று வயது. வந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்ததென்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். கூலி நெல்லில் கொஞ்சம் கூடக் கேட்டவர்களுக்கு அந்தக் கதி. பிறகு மிராசுதார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

1974இல் நான் பட்டாளத்தில் சேர்ந்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "துப்பாக்கியப் புடிக்கவாடா போற?" பதில் சொல்லத் தெரியவில்லை. போனேன். செகந்திராபாத்தில் ஆர்மரர் வேலை கற்றுக்கொண்டேன். துப்பாக்கியைப் பழுது பார்க்கிற வேலை. என் அப்பா களத்து நெல்லைத் தொடலாம், மிராசுதார் வீட்டுச் சுவரைத் தொடக்கூடாது. நான் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன்.

இங்கே நான் சொல்லவந்தது ஒரே ஒரு ரைபிளைப் பற்றி.

1989இல் ஒரு என்.சி.சி. பட்டாலியனின் ஆயுதங்களைச் சரிபார்க்க எங்கள் ஒர்க்ஷாப்பிலிருந்து என்னை அனுப்பினார்கள். அங்கே இருந்தவை பட்டாளம் பயன்படுத்தித் தேய்த்த பழைய .303 மாதிரியில், .22 தோட்டாவுக்கு மாற்றியவை. 1907இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த மாதிரி அது. பின் சைட்டு குழாயின் மேல், கண்ணிலிருந்து தள்ளி இருக்கும். அதிலுள்ள பள்ளத்தின் நடுவில், குழாய் முனையிலிருக்கும் முன் சைட்டின் தகடு தெரியவேண்டும். அதற்கு அப்பால் டார்கெட். பள்ளம், தகடு, டார்கெட் மூன்றும் மூன்று தூரம். மனுசக் கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு தூரம்தான் தெளிவாகத் தெரியும். நல்ல கண்ணுக்கே அது சிரமம்.

ரேஞ்சில் பையன்கள் 25 கெஜத்தில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒல்லியாக ஒரு பையன். முதல் வருஷம் படிக்கிறவன். அவன் சுட்ட ஐந்தும் இடது பக்கம் கீழே போய் விழுந்தன. பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரி அதிகாரி சத்தமாகச் சொன்னார்: "கோட்டாவுல வந்தவன்ல, குண்டும் கோட்டாவுலதான் போய் விழும்." மற்ற பையன்கள் சிரித்தார்கள். பழைய திண்ணைச் சிரிப்பு.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு எட்டணாவை வைத்து மூடிவிடலாம். ஆனால் நடுவிலிருந்து இடதுபக்கம் இரண்டு அங்குலம் தள்ளி, கொஞ்சம் கீழே.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். சுடுகிறவனுக்குக் கை நடுங்கினால், மூச்சுத் தவறினால், விசையை வெடுக்கென்று இழுத்தால் ஓட்டைகள் சிதறும். எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் அவன் கையில் தப்பில்லை. குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது சுடுகிறவனின் திறமை. அந்தக் கூட்டம் தாளில் எங்கே விழுகிறது என்பது சைட்டின் வேலை. பட்டாளத்தில் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். பையன் யாரென்று தெரிந்தபிறகு பாடம் மறந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அதே ரைபிளை எடுத்து, அவன் சுட்ட அதே தாளில் நான் ஐந்து ரவுண்டு சுட்டேன். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான். என் ஐந்தும் அவன் ஐந்தின் மேலேயே போய் விழுந்தன.

அந்தத் தாளை அதிகாரியிடம் காட்டியிருக்கவேண்டும். காட்டவில்லை. "உனக்கென்ன அவன்மேல இவ்வளவு அக்கறை?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? அடுத்த கேள்வி எந்த ஊர், எந்தத் தெரு என்றுதான் வரும். பட்டாளத்தில் நான் அதை யாருக்கும் சொன்னதில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி வேலையை ஆரம்பித்தேன். எப்போதோ யாரோ கீழே போட்டதில் முன் சைட்டு நகர்ந்திருந்தது. குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முன் சைட்டைத் தள்ளவேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியதே போதுமாயிருந்தது. அவ்வளவு சின்னத் தப்புதான் 25 கெஜத்தில் இரண்டு அங்குலமாகத் தெரிந்தது. தூரம் போகப்போக இன்னும் கூடும். குண்டு கீழே போனதால் தகட்டை மாற்றி உயரம் குறைந்த தகடு போட்டேன். தேய்ந்து பளபளத்த இடத்தில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாமலிருக்கக் கற்பூரப் புகை காட்டிக் கறுப்பாக்கினேன்.

போட்டிக்கென்று ஒதுக்கிய இரண்டு ரைபிள்களில் மட்டும் கண்ணுக்குப் பக்கத்தில் வைக்கிற ஓட்டைச் சைட்டு இருந்தது. அந்த ரைபிள்கள் யாருக்குப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதேமாதிரி பார்க்கர் ஹேல் சைட்டு இன்னொன்று ஆயுத அறையில் ஒரு தகர டப்பாவில் துணி சுற்றிக் கிடந்தது. கமாண்டிங் ஆபீசரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கி அதையும் இந்த ரைபிளில் மாட்டினேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் கண் தானாகவே தகட்டின் நுனியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். பள்ளத்தைப் பார்க்கிற கவலை போய்விடும். இரண்டு சைட்டுக்கும் நடுவிலுள்ள நீளமும் கூடுவதால் தப்பு குறையும். இரண்டாம் உலக யுத்தத்தில் வந்த நாலாம் நம்பர் ரைபிளில் வெள்ளைக்காரன் ஓட்டைச் சைட்டைத்தான் வைத்தான். இஷாப்பூர் தொழிற்சாலையில் அப்போதும் பழைய மாதிரியைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் பையனைக் கூப்பிட்டு ரைபிளைக் கொடுத்தேன்.

"நேத்து எப்படிப் புடிச்சியோ அப்படியே புடி தம்பி. எதையும் மாத்தாத."

ஐந்தும் நடுவில். எட்டணாகூட வேண்டாம், நாலணா போதும். அதிகாரி தாளைப் பார்த்தார். "ரைபிள் நல்லாருந்தா எவன்தான் சுடமாட்டான்?" என்றார். நேற்றுத் தப்பியது பையனால். இன்று பட்டது ரைபிளால்.

கிளம்புகிற அன்று பையன் வந்தான். "உஸ்தாத், ஒங்களுக்கு எந்த ஊரு?" சொன்னேன். கொஞ்சம் தயங்கி, "எந்தத் தெரு?" என்றான். கீழத்தெரு என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தான். அந்தச் சொல்லை அதிகாரியின் முன்னால் சொல்லியிருந்தால் எனக்கு என்ன போயிருக்கும்?

அடுத்த வருஷம், 1990 ஆகஸ்டில், மண்டல் அறிவிப்பு வந்தது. நாடு பூராவும் தகுதி, திறமை என்று பேச்சு. எங்கள் ஒர்க்ஷாப்பிலும் அதே பேச்சு. இந்தப் பேச்சு புதிதில்லை. அம்பேத்கரின் அப்பா பட்டாளத்தில் சுபேதார். அவர் காலத்திலேயே, 1890களில், மகர்கள் போர்க்குணமுள்ள சாதியில்லை என்று சொல்லிப் பட்டாளத்தில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் நிறுத்தினான். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆள் தேவைப்பட்டபோது 1941இல் மகர் ரெஜிமென்ட்டை அமைத்தான். ஆள் தேவைப்பட்டதும் தகுதியும் வந்துவிட்டது.

அன்று முதன்முதலாக நான் வாயைத் திறந்தேன். பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து மேசைமேல் விரித்தேன். "இந்தப் பத்துல எது கோட்டாவுல வந்தவன் சுட்டது, எது உங்க ஹவில்தார் சுட்டதுன்னு காட்டுங்க" என்றேன். யாராலும் காட்டமுடியவில்லை. பிறகு நானும் கோட்டாக்காரன் தெருவில் பிறந்தவன்தான் என்றேன். அதற்கப்புறம் இரண்டு பேர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை.

தாள் இப்போது மஞ்சளாகிவிட்டது, மடிப்பில் கிழிந்தும் இருக்கிறது. என் பேத்தி காலேஜில் சேர்ந்த வருஷம் எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இதை அன்னிக்கே அந்தாளுகிட்டக் காட்டியிருக்கலாம்ல தாத்தா?" என்றாள்.

காட்டியிருக்கலாம்தான்.