கைமாறும் பந்து

மனிதர்கள் செய்யும் தொழில்களில் மிகக் குறைந்த ஆயுளை உடையது எது என்று கேட்டால், விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு நாற்பது வயது ஒரு கௌரவம். 'இப்போதுதான் கை திருந்தியிருக்கிறது' என்று சொல்ல நாலு பேராவது கிடைப்பார்கள். வக்கீலுக்கும் வைத்தியருக்கும் நரையே ஒரு விளம்பரம். பந்தாடுகிறவருக்கோ முப்பதைத் தாண்டியதுமே பொழுது சாயத் தொடங்கிவிடுகிறது. அதற்கப்புறம் இன்னொரு முழு வாழ்க்கை மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டவள் பாகூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் ஆயா. அவளுடைய பேத்தி பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். சாயங்காலம் புழுதியும் வியர்வையுமாகத் திரும்பி வரும் அந்தப் பெண்ணைக் காட்டி, ஆயா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏந் தம்பி, நீங்க படிச்சவங்க. இது பந்து ஆடிக்கினு திரியுதே, இதனால என்னா ஆவப் போவுது?"

"உத்தியோகம்கூடக் கிடைக்கும் ஆயா."

"கல்யாணம் ஆயிட்டா?"

புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்கு விளையாட்டு அந்நியமல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன பெத்தாங்க் இரும்புக் குண்டுகள் இன்னும் இந்த மண்ணில் உருண்டுகொண்டிருக்கின்றன. ஆனால் அது பென்ஷன் வாங்குகிறவரும் நிதானமாக நின்று ஆடக்கூடிய ஆட்டம். கூடைப்பந்து அப்படி இல்லை. இருபத்தெட்டு மீட்டர் நீளமுள்ள களத்தில் ஓடி, திரும்பி, பத்தடி உயரத்தில் இருக்கும் வளையத்தை நோக்கிக் குதித்து, மறுபடியும் ஓட வேண்டும். முழங்கால்தான் அதற்கு முதல். முதல் கரைந்தால் வியாபாரம் முடிந்தது.

ஆயாவுக்கு நான் சென்னைப் பெண் அனிதா பால்துரையின் கதையைச் சொன்னேன். 1985-இல் பிறந்தவர். பத்தொன்பதாவது வயதில், வேறு பெண்கள் காலேஜுக்குப் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும் பருவத்தில், இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை வகித்தார். 2000 முதல் 2017 வரை நாட்டுக்காக ஆடினார். ஆசியச் சாம்பியன் போட்டிகளில் ஒன்பது முறை கலந்துகொண்டார்; தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கங்கள் பெற்றார். தெற்கு ரயில்வே அணிக்காகவும் ஆடியவர். 2021-இல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இவ்வளவையும் ஆயா மரியாதைக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பட்டமும் பதக்கமும் அவளுக்குப் பட்டணத்துச் சமாசாரம். "அவங்களுக்குக் கல்யாணம் ஆயி ஒரு பிள்ளையும் பிறந்திச்சு. அதுக்கப்புறமும் ஆடினாங்க" என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள். அந்த அணியில் தாயாகிவிட்ட அனிதாவும் இருந்தார்.

"புள்ளைய யாரு பாத்துக்கினாங்க?" என்று கேட்டாள் ஆயா.

பத்திரிகைக்காரர்கள் கேட்கும் பத்துக் கேள்விகளைவிட இது பெரிய கேள்வி. பெண் ஒருத்தி களத்தில் இறங்கினால், அவளுக்குப் பின்னால் வீட்டில் யாரோ ஒருவர் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறார் என்பது ஆயாவுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பேத்தியைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவளே அவள்தான். மகளும் மருமகனும் வேலைக்குப் போக, பாலும் சோறும் ஊட்டி ஆளாக்கினாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், முறத்தை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆட்டத்தை நிறுத்தியபின் அனிதா தேர்ந்துகொண்டது பயிற்சியாளர் வேலை. வயதில் சிறிய பெண்களைக் கொண்ட இந்திய அணிகளுக்குப் பயிற்சி கொடுக்க முன்வந்தார். இது சுலபமான மாற்றம் என்று நினைப்பவர்கள், நன்றாகப் பாடுகிறவர்கள் எல்லாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்களா என்று யோசித்துப் பார்க்கட்டும். தன் கை அறிந்ததை வேறொருவர் கைக்கு ஏற்றுவது தனி வித்தை. இதற்கு இந்த விளையாட்டின் ஆதி புருஷரே சாட்சி.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், குளிர்காலத்தில் மாணவர்களை அறைக்குள் ஆடவைக்க வேண்டி இரண்டு பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதினார். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், விழுந்த பந்தை எடுக்க ஏணி தேவைப்பட்டதாம். பிற்பாடு அவர் கான்ஸாஸ் சர்வகலாசாலையில் பயிற்சியாளரானார். வெற்றி 55, தோல்வி 60. அந்தச் சர்வகலாசாலையின் பயிற்சியாளர்களில் தோல்வி மிகுந்த கணக்கு அவருடையது மட்டும்தான்! அவருடைய சீடர் ஃபாக் ஆலனோ அதே இடத்தில் பல நூறு வெற்றிகள் கண்டார். இன்று அங்கே அரங்கத்துக்குச் சீடர் பெயர். அதன் ஆடுதளத்துக்குக் குருவின் பெயர். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. தளம் இல்லாமல் அரங்கம் எங்கே நிற்கும்?

நம் தேசத்தில் இந்த ஆட்டம் பரவியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் டிரில் மாஸ்டர்களாகப் பல ஊர்களுக்கும் போனார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்திராது. அவர்கள் கொடுத்த பந்து மட்டும் கைமாறிக் கைமாறி, இன்று பாகூர்ப் பெண்ணின் கைக்கு வந்திருக்கிறது.

வில்லியனூர்த் தேரோட்டத்தில் வடம் பிடிக்கக் கவர்னரே வருவது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். எல்லாருடைய கண்ணும் வடத்தின் மேலும் உச்சிக் கலசத்தின் மேலும் இருக்கும். ஆனால் சக்கரத்தின் அருகே குனிந்தபடி, கையில் முட்டுக்கட்டையோடு ஓடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டையைக் கொடுப்பது, எப்போது உருவுவது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தேர் மூலையில் திரும்புவதும், வீட்டுத் திண்ணையில் இடிக்காமல் போவதும் அவர்கள் கைச்சாமர்த்தியம். போட்டோவில் அவர்கள் முகம் விழுவதில்லை.

பயிற்சியாளர் செய்வதும் அதுதான். ஒரு காலத்தில் வடம் பிடித்த கை, பிறகு சக்கரத்தின் பக்கத்தில் வந்து குனிகிறது. பொழுது சாய்ந்தபின் மிச்சமிருக்கும் வாழ்க்கைக்கு இதைவிடக் கௌரவமான உபயோகம் ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயாவிடம் இந்த உபமானத்தையெல்லாம் நான் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. போன வாரம் அவள் டெய்லர் கடைக்கு நடந்து போய், பேத்தி ஆடப் போகும்போது போட்டுக்கொள்ள முழங்கால் மறையும்படி ஒரு நிஜார் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாளாம். "நல்ல கெட்டித் துணியா பாத்துக் குடு, ரொம்ப நாளைக்கு உழைக்கணும்" என்று சொன்னாளாம்.