நெட்டுல இருக்கு... ரூட்டுல காணோம்!

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள். ''உனக்கு எந்த ஊரு மச்சி?'' என்றான் ரூம்மேட். ''புதுக்கோட்டை'' என்றேன். ''ஓ... தூத்துக்குடிகிட்ட இருக்கே, அதுவா?''

அது வேற புதுக்கோட்டைங்க! நம்ம புதுக்கோட்டை 1948 வரைக்கும் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். 1974 ஜனவரியில் தனி மாவட்டம். இதையெல்லாம் சொன்னா எவன் கேக்கப் போறான்? பேசாம மொபைலை எடுத்து 'சித்தன்னவாசல்'னு தட்டி நீட்டினேன். தாமரைக் குளம், யானை, மீன், பூப் பறிக்கிற ஆள்... ''டேய், இது அஜந்தா இல்லியா?''ன்னு எந்திரிச்சு உக்காந்துட்டான். என் வாய் செய்யாததை ஒரு போட்டோ செஞ்சுடுச்சு. அந்த மார்ச்சிலேயே நாலு பேர் கிளம்பிட்டோம்.

எங்க அப்பா காலத்துல ஒரு ட்ரிப்னா, ரிசர்வேஷன் கவுன்ட்டர்ல ஃபாரம் எழுதி, கியூவுல நின்னு, போற ஊர்ல யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களான்னு விசாரிச்சு... அதுவே பாதி பயணம்! ஐ.ஆர்.சி.டி.சி. 2002 ஆகஸ்ட்டில் நெட்டில் ரயில் டிக்கெட் விற்க ஆரம்பிச்சது. 2006-ல் ரெட்பஸ் வந்து பஸ் சீட்டையும் நெட்டுக்குக் கொண்டுவந்தது. இப்போ ரயில், பஸ், ரூம் மூணையும் கட்டில்ல படுத்துக்கிட்டே முடிச்சுடலாம். நாங்களும் அப்படித்தான் முடிச்சோம். சிக்கல் ஆரம்பிச்சது நார்த்தாமலையில்!

திருச்சி - புதுக்கோட்டை ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போனா நார்த்தாமலை. பாறை மேல விஜயாலய சோழீஸ்வரம்னு ஒரு கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை மட்டும் வட்டம். பக்கத்திலேயே ரெண்டு குடைவரைகள். நான் இந்த மாவட்டத்துக்காரன்... ஆனா வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் போனதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு வந்ததோட சரி. அதனால மொபைல் மேப்பை நம்பினோம். அது லெஃப்ட்ல போன்னுச்சு, போனோம். ரைட்ல போன்னுச்சு, போனோம். 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. சுத்திப் பாத்தா... முள்ளுக்காடு!

மணி பன்னிரண்டு. கையில அரை பாட்டில் தண்ணி. டவர் கிடையாது. கூட வந்த ஒருத்தனுக்குத் தலை சுத்த ஆரம்பிச்சு, அப்படியே பாறையில உக்காந்துட்டான். உண்மையிலேயே பயந்துட்டேன். 'எங்க ஊரைப் பாக்க வாங்கடா'ன்னு கூட்டிட்டு வந்தவன் நான்தானே!

அப்போ ஆடு மேய்ச்சுக்கிட்டு ஒரு ஆத்தா வந்துச்சு. தூக்குவாளியிலிருந்த நீராகாரத்தை அவனுக்கு முதல்ல குடுத்துச்சு. அப்புறம்தான் விசாரணையே.

''ஏம்ப்பா, இங்கிட்டு எங்க போறீக?''

''கோயிலுக்கு ஆத்தா.''

''கோயிலு அங்கிட்டுல்ல இருக்கு! போனையே பாத்துக்கிட்டு வந்தா கண்ணுக்கு எப்புடித் தெரியும்?''

நிமிந்து பாத்தோம். தூரத்துப் பாறை மேல கோபுரம் தெரிஞ்சுது!

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு கூத்து. 'விஜயாலய சோழன் கட்டியது'ன்னு நெட்டுல படிச்சதை கைடு மாதிரி ஒப்பிச்சேன். ராத்திரி வீட்டுக்கு வந்து, கே.ஆர். வெங்கடராம ஐயர் எழுதின புதுக்கோட்டை சமஸ்தான மேனுவலைத் தேடினேன். 1938-லிருந்து 1944-க்குள்ள வந்த புத்தகம். ஸ்கேன் பண்ணி இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஃப்ரீயா கிடக்கு. கட்டினது சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர், மழையில் இடிஞ்சதை மல்லன் விடுமன் புதுப்பிச்சார்னு கல்வெட்டு சொல்லுதாம். ஒருத்தர் போட்டதைப் பாத்து பத்து பேர் காப்பி அடிச்சா, தப்புகூட ஃபேமஸ் ஆயிடும். எக்ஸாம் ஹால்ல நாம பாக்காததா!

மறுநாள் சித்தன்னவாசல். அண்ணவாசல் போற ரோட்டில். தொல்லியல் துறை டிக்கெட்டை நெட்டில் எடுத்தா அஞ்சு ரூபாய் கம்மின்னு 2018-ல் கொண்டுவந்தாங்க. ஏழடிப்பட்டத்துல 17 கல் படுக்கைகள், தமிழி எழுத்து. கீழே அறிவர் கோயில்ல 9-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். போட்டோவில் பளிச்னு இருந்தது நேரில் ரொம்பவே மங்கியிருக்கு. ரூம்மேட் முகம் வாடிடுச்சு. அப்போ அங்கிருந்த பெரியவர் ஒருத்தர், ''உள்ள நின்னு வாயை மூடிக்கிட்டு 'ம்ம்'னு சொல்லுங்க தம்பி'' என்றார். சொன்னோம். கருவறையே அதிருது! ரெசனன்ஸ் டாபிக்கை ரெண்டு செமஸ்டரா படிச்சும் புரியாத எனக்கு, அங்கேதான் அது உடம்புக்குள்ள புரிஞ்சுது. இதை எந்த போட்டோவில் காட்ட முடியும்?

திரும்பும்போது ஆட்டோ அண்ணன்கிட்ட பேச்சுக் குடுத்தேன். ''முன்னாடி இறங்குறவங்க 'மலை எங்கண்ணே'ன்னு என்னைத்தான் கேப்பாங்க. இப்ப போனைக் கேட்டுக்கிட்டுப் போயிடுறாங்க''ன்னார். கொஞ்ச தூரம் போய், ''ஆனா ஒரு மெட்ராஸ் தம்பி என் நம்பரை நெட்டுல போட்டுட்டுப் போச்சு. அதுலேருந்து மாசம் நாலஞ்சு சவாரி வருது''ன்னு சிரிச்சார்.

அந்த ரெண்டு வரியில எல்லாமே இருக்குங்க. நெட்டுல இருக்கிறவங்களுக்கு நெட் வழி காட்டுது; இல்லாதவங்களைத் தாண்டிப் போயிடுது. திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ்னு ஒரு செட்டிநாட்டு வீடு இப்போ ஹோட்டல். அதை பாரீஸ்ல உக்காந்துகூட புக் பண்ணலாம். புக்கிங் சைட்காரர்களுக்கு வாடகையில் ஒரு பங்கு கமிஷன் போகும், சரி. ஆனா ஆட்டோ அண்ணனுக்கும், இளநீர் அக்காவுக்கும் எந்த சைட் இருக்கு? நார்த்தாமலை பின் தப்பா இருந்ததுக்குக் காரணம் எங்கேயோ இருக்கிற கம்பெனி மட்டும் இல்லை. பக்கத்துலயே இருந்தும் போய்ப் பாத்துத் திருத்தாத நானும்தான்.

ஊருக்குத் திரும்பினதும் முதல் வேலையா அந்தப் பின்னைத் திருத்தி அனுப்பினேன். ரெண்டு வாரத்தில் ஏத்துக்கிட்டாங்க. ரூம்மேட் போட்ட ரீல்ஸைப் பாத்துட்டு எங்க காலேஜ் கும்பல் ஒண்ணு அங்கே போய், நேரா கோயில் வாசலிலேயே நின்னுச்சு. பாறையில் பிஸ்கட் கவரையும் போட்டுட்டு வந்துச்சு! அதுக்கும் நான்தான் திட்டு வாங்கணும்போல.

உங்க ஊர்லயும் ஒரு மலையோ, கோயிலோ, குளமோ நெட்டுல தப்பா இருக்கும், இல்லேன்னா இருக்கவே இருக்காது. இந்த லீவுல ஒரு வேலை பண்ணுங்க...

* நேர்ல போய்ப் பாத்து, மேப்ல இடத்தைச் சரி பண்ணுங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல யார் வேணும்னாலும் சேர்க்கலாம்.

* நீங்க எடுத்த போட்டோவை விக்கிமீடியா காமன்ஸ்ல ஏத்துங்க. 2003-லிருந்து நடக்கிற தமிழ் விக்கிபீடியாவுல நாலு வரி எழுதுங்க, புத்தகத்தைப் பாத்து.

* ஆட்டோக்காரர், கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, அவங்க சம்மதிச்சா மட்டும் நம்பர் போடுங்க.

* தண்ணி பாட்டில் ரெண்டு எடுத்துக்கங்க. காலியானதைத் திருப்பிக் கொண்டுவாங்க.

அப்படியே ஒரு தடவை எங்க நார்த்தாமலைக்கும் வந்து, நான் வெச்ச பின் சரியான்னு செக் பண்ணிச் சொல்லுங்க. தப்பா இருந்தா... ஆத்தாகிட்ட கேளுங்க!