வைரத் தூளும் மாதத் தவணையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருப்படிகளின் துருவை நீக்கி வர்ணம் பூசி அனுப்பும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் நண்பர், "இங்கே நாங்கள் இரும்புக்குச் செய்கிற வைத்தியத்தைக் கடைத்தெருவில் ஒரு பெண்மணி மனித முகத்துக்குச் செய்கிறார், அவசியம் வந்து பாருங்கள்" என்று பல நாளாக அழைத்துக்கொண்டிருந்தார்.

நண்பர் சொன்னதில் அதிசயோக்தி ஏதுமில்லை. காற்றின் வேகத்தில் மணலைப் பாய்ச்சிக் கடினமான பொருள்களைச் செதுக்கும் உபாயத்துக்கு டில்க்மன் என்ற அமெரிக்கர் 1870-இல் காப்புரிமை பெற்றார். அதே தத்துவத்தை 1985 வாக்கில் இத்தாலியர் தோலின்மீது பிரயோகித்து, அலுமினியம் ஆக்ஸைடு துகள்களை முகத்தில் மெல்லப் பாய்ச்சி, அவற்றையும் அவை உதிர்த்த செத்த தோலையும் ஒருசேர உறிஞ்சிக்கொள்ளும் யந்திரத்தைச் செய்தார்கள். திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலை 1950-களில் தொடங்கிச் செய்துவரும் சாணைச் சக்கரங்களுக்கும் அந்த ஆக்ஸைடுதான் ஒரு பிரதான மூலப்பொருள். துகள்கள் கண்ணிலும் மூச்சிலும் புகுந்து உபத்திரவம் தந்தமையால், வைரத் தூள் பதித்த முனை பின்னர் வழக்குக்கு வந்தது. நம்மூர்ப் பார்லர்களில் 'டைமண்ட் பாலிஷிங்' என்று விலைப்பலகையில் எழுதியிருப்பது இதுவே.

மருந்துக்கடை ஒன்றின் மாடியில், திரைச்சீலையால் இரண்டாகத் தடுத்த சிறு அறையில் அந்தப் பெண்மணியைச் சந்தித்தேன். பொன்னேரிப் பக்கத்துக் கிராமம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஜீவனோபாயத்தை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். கைப்பேசியின் நுண்ணிய பாகங்களைப் பொருத்திப் பழகிய விரல்களை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது என்று யோசித்து, முதலில் புருவம் திருத்தக் கற்றாராம்.

சிப்காட் ஆலையொன்றில் வேலை செய்யும் இளம்பெண் வந்து படுத்தாள். பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா, அண்மையில் வெயிலில் கருகினாளா என்று விசாரித்த பிறகே அவர் யந்திரத்தைத் தொட்டார். பேனா போன்ற கைப்பிடியின் நுனியில் கரகரப்பான ஒரு வட்டம். அதன் நடுவில் உறிஞ்சும் துளை. அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்து இழுவிசையை உணர்ந்து, தம் முன்கையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, குமிழைச் சற்றே குறைத்தார். இடக்கை விரல்களால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து காதை நோக்கி ஒரே சீராக முனையை நகர்த்தினார். எந்த இடத்திலும் அது நிற்கவில்லை. கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய தோலை அது அண்டவுமில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்கக்கா, வலிக்கவே இல்ல."

"வலிக்கலன்னாதான் சரியாப் போவுதுன்னு அர்த்தம், கண்ணு."

"கலரு வருமாக்கா?"

"கலரு வராது. பளபளப்பு வரும். வெயில்ல சுத்தினா அதுவும் போயிடும்."

இந்த இரண்டு பதில்களிலும் தொழிலின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உதிர்க்க வேண்டிய செத்த படலம் முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. நிறத்தை உண்டாக்கும் உயிரணுக்களோ அதற்கும் கீழே, முனை எட்டக் கூடாத ஆழத்தில் இருக்கின்றன. மாநிறத் தோலுக்குப் புண்பட்ட இடத்தில் கறுத்துப்போகும் சுபாவம் உண்டாகையால், கை சற்று மீறினால், போக்க வந்த கருமையே இரட்டிப்பாகிவிடும். ஆகவே எவ்வளவு எடுப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே இங்கு வித்தை.

முடிந்ததும் கைப்பிடிக்குள்ளிருந்து சிறிய பஞ்சு வில்லையை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். அதில் சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தது. அதை எறிந்துவிட்டு, முனையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் போட்டார். அதற்குப் பிந்திய களிம்பு, பூச்சு முதலிய கிரியைகளில் என் மனம் செல்லவில்லை. சுவரில் சட்டமிட்டுத் தொங்கிய சான்றிதழில் சென்றது. யந்திரத்தை விற்ற டீலர் ஒரே நாள் வகுப்பெடுத்துக் கொடுத்ததாம் அது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைக்கு ஓராண்டுப் பாடம் இருக்கிறது. அன்றாடம் சம்பாதித்தே தீரவேண்டிய ஒருத்திக்கு அந்த ஓராண்டை யார் கடன் கொடுப்பார்கள்? யந்திரத்துக்குத் தவணை, தேய்ந்த முனைக்கு மாற்று, பஞ்சு வில்லை, கூடவே வாங்கியாக வேண்டிய கிரீம் பெட்டி என்று டீலர் நான்கு வழியாக வசூலிக்கிறார். அவர் கொடுத்த விளம்பரத் தாளோ, ஒரே தடவையில் முகம் வெளுக்கும் என்று கூசாமல் பொய் சொல்கிறது. பொய்யின் லாபம் அவருக்கு. அந்தப் பொய்யை நம்பி வருகிறவளுக்கு உண்மையைச் சொல்லி வாடிக்கையை இழக்கும் நஷ்டம் இவருக்கு. தரகு என்பது எந்தத் தொழிலிலும் இப்படித்தான், வித்தையைக் கைக்காரரிடமும் விலையைத் தன்னிடமும் வைத்துக்கொள்கிறது.

நான் புறப்படும் தறுவாயில் தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு மறுநாள் கல்யாணம். இதைச் செய்துவிட வேண்டும், பணம் எவ்வளவானாலும் சரி என்றார் தாய். "ஒரு நாள், ரெண்டு நாள் சிவப்பு நிக்கும்மா. நாளைக்கு மேக்கப்பு போட்டா எரியும். இன்னிக்கு இது வாணாம், பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று அவர் சொல்ல, எதிர்வாடையில் வேறு கடை இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருவரும் இறங்கிப் போனார்கள். ஐந்தாம் தேதி கட்டவேண்டிய தவணைக்கு அந்தப் பணம் உதவியிருக்குமே என்று கேட்டேன். "உதவியிருக்கும்தான். ஆனா அந்தப் பொண்ணு மணவறையில சிவந்த மூஞ்சியோட உட்கார்ந்தா, இந்த ஊர்ல என் பேரைத்தானே சொல்லுவாங்க" என்றார். அந்தப் பேர் ஒன்றுதான் டீலரிடம் தவணையில் வாங்காத அவருடைய முதல்.