ஏழரைக் கிலோவும் அகத்தியர் மலையும்

எங்கள் நன்னிலத்தில் மலை கிடையாது. திருவாரூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டாலும் கிடைக்காது. ஊரில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஏற்றம் என்றால் மதுவனேஸ்வரர் கோயில் படிக்கட்டுதான். யானை ஏறக்கூடாது என்று கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்லும் மாடக்கோயில்களில் ஒன்று. அடுத்த உயரம், வைக்கோல் போர்.

இந்த லட்சணத்தில்தான் 2020 ஜனவரியில் நானும் பழைய ஆபீஸ் நண்பனும் அகத்தியர் மலைக்குக் கிளம்பினோம். நம்ம பொதிகைதான் ஸார். 1,868 மீட்டர். ஏறுவது கேரளப் பக்கம், விதுரா தாண்டி போனக்காட்டிலிருந்து. ஜனவரியில் ஆரம்பிக்கும் சீஸனில் மட்டும், வனத்துறை பெர்மிட்டோடு. மூன்று நாள் நடை. முதல் நாள் காட்டு வழியே அதிருமலை முகாம், இரண்டாம் நாள் உச்சிக்குப் போய்த் திரும்புவது, மூன்றாம் நாள் இறக்கம்.

என் பையில் இருந்தவை: ஜீன்ஸ் இரண்டு, கைலி இரண்டு, ஜமக்காளம், ஷேவிங் செட், ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வைத்திருக்கிற சைஸில் ஒரு டார்ச், அம்மா கொடுத்த முறுக்கு டின். காலில் இரண்டு நாள் முன்பு வாங்கிய புத்தம் புது ஷூ. மாப்பிள்ளை மாதிரி இருந்தேன்.

முகாமுக்கு முன்னால் 'முட்டிடிச்சான் தேரி' என்று ஒரு ஏற்றம் வருகிறது. நம் முட்டி நம் நெஞ்சிலேயே வந்து இடிக்கும். பெயர் வைத்தவன் அனுபவஸ்தன். அங்கே என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்தது. நண்பன் ஒன்றும் பேசாமல் என் பையையும் வாங்கி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக மாட்டிக்கொண்டு ஏறினான். மறுநாள் காலை என் கால் ஷூவுக்குள் போகவே இல்லை.

"நீ போய்ட்டு வாடா" என்றேன்.

"உன்னை விட்டுட்டா? அகத்தியர் எங்கே போயிடப் போறார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வருஷம் வரவில்லை. கல்யாணம், மாற்றல், அப்புறம் முதுகில் ஆபரேஷன். மலையெல்லாம் மறந்துடுங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். நண்பன் இதுவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. அதுதான் உறுத்தல்.

2024 பிப்ரவரிக்கு மறுபடி பெர்மிட் கிடைத்தது. இந்தத் தடவை சித்தப்பாவிடம் போனேன். பையைப் பழையபடியே அடைத்து ரைஸ் மில் தராசில் வைத்துப் பார்த்தோம். பதினேழரைக் கிலோ!

"ஏன்டா தம்பி, ஈரப்பதம் பதினேழுக்கு மேல போனா நெல்லையே கொள்முதல்ல திருப்பி அனுப்பிடுறான். இதை எவன்டா எடுப்பான்?" என்றார்.

அன்றே பிரித்தோம். முதலில் ஜீன்ஸ். நனைந்தால் காயாது, எடையோ இரட்டிப்பு. பதிலாக சீக்கிரம் காய்கிற நைலான் பேண்ட் இரண்டு. ஒன்று நடக்க, ஒன்று தூங்க. ஜமக்காளம் போய் லேசான ஸ்லீப்பிங் பேக். வாட்ச்மேன் டார்ச் போய் நெற்றியில் மாட்டும் விளக்கு. கயிறு பிடித்து ஏறும்போது கை இரண்டும் காலியாக வேண்டும். முகாமில் கஞ்சி காசுக்குக் கிடைக்கும் என்பதால் கட்டுச்சோறு கட். பிளாஸ்டிக்கை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள் என்பதால் எவர்சில்வர் பாட்டில்.

பை விஷயத்தில் நான் பட்ட ஞானம்: எடை தோளில் தொங்கக் கூடாது, இடுப்பில் உட்கார வேண்டும். இடுப்பு பெல்ட் இல்லாத பையை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். கனமான சாமான் முதுகை ஒட்டி, நடுவில். குடம் தூக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது பி.காம். படிக்காமலே தெரியும்.

ஷூ அரை சைஸ் பெரிசாக, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்கினேன். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டும், அந்த இடம் வேண்டும். நகத்தையும் ஒட்ட வெட்டியாக வேண்டும். பிறகு இரண்டு மாசம் பயிற்சி. ஆற்றங்கரையில் பத்து கிலோமீட்டர், வரப்பில் கொஞ்சம், பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு மாடக்கோயில் படியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி... ஏழாவது தடவை குருக்கள் அருகே வந்து, "ஏதாவது பிரார்த்தனையா?" என்று பரிவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யில்லையே!

குதிகால் லேசாகச் சுடுகிறதா? அந்த நிமிஷமே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். 2020-ல் நான் செய்யாதது இந்த இரண்டு நிமிஷ வேலையைத்தான். நண்பர்கள் காத்திருக்கிறார்களே என்று வெட்கம்.

சித்தப்பா தன் பங்குக்கு வேதாரண்யம் உப்பில் ஒரு கிழி கட்டிக் கொடுத்தார். வழியில் அட்டையாறு என்றே ஓர் ஆறு இருக்கிறது. எங்கள் வயல் அட்டை தண்ணீரில் வரும். அங்கே தரையில் நடந்தே வரும். முட்டிவரை அட்டை சாக்ஸ், மேலே உப்புக் கிழி ஒற்றல். கடித்துவிட்டால் பிய்க்கக் கூடாது, நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும்.

வேதாரண்யம் என்றதும் சித்தப்பா ராஜாஜிக்குப் போய்விட்டார். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் கிளம்பி, கும்பகோணம் வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர். சோறு போட்டால் ஜெயில் என்று கலெக்டர் தார்ன் மிரட்ட, ஜனங்கள் மரக்கிளையில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்களாம். "அவங்க என்ன இவ்வளவு மூட்டையா தூக்கிட்டுப் போனாங்க?" என்றார். பொதிகையில் மரத்தில் தொங்கினால் அது கருங்குரங்காகத்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மறுபடி தராசு. ஏழரைக் கிலோ!

"ஏழரையோட மலையேறாதடா! திருநள்ளாறு பக்கத்துல இருந்துகிட்டு இதுகூடத் தெரியலையா? எதையாவது எடு."

அரைக்கிலோ அதிரசம் வெளியே போனது. அதிருமலைக்கு ஏழு கிலோவோடு போனேன்.

முட்டிடிச்சானில் மூச்சு வாங்கியது, கால் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே அகத்தியர் சிலை. சுற்றிலும் பஞ்சு மாதிரி மேகம், ஆளைத் தள்ளுகிற காற்று. பத்து நிமிஷம் பேச்சே வரவில்லை.

கீழே விதுரா வந்து சிக்னல் கிடைத்ததும் நண்பனுக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுக்கொண்டான்.

"பை எத்தனை கிலோடா?"

"ஏழு."

"அன்னிக்கு?"

"பதினேழரை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஆனா அந்த முறுக்கு நல்லா இருந்துச்சுடா" என்றான்.