மஞ்சள் எங்கே தொடங்கியது?

தூத்துக்குடியில் மாடித்தோட்டம் போட்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, இலை மஞ்சளாப் போகுது, என்ன உரம் போடட்டும்?" நானும் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன். "எந்த இலை? அடியிலயா, குருத்துலயா?" பலருக்கு அதைச் சட்டென்று சொல்ல வராது. மறுபடி மாடியேறிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். அப்படி ஒருமுறை ஏறி இறங்கியதிலேயே பாதி விஷயம் தெளிந்துவிடும்.

செடிக்குள் எல்லாச் சத்தும் ஒரே மாதிரி நடமாடுவதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகிய நான்கும் இடம் மாறக்கூடியவை. வேர் வழியே வரத்து குறைந்ததும் முதிர்ந்த இலையில் இருப்பதை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும் செடி. அதனால் இந்த நான்கின் பஞ்சமும் முதலில் அடியிலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் எல்லாம் ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். வரத்து நின்ற பிறகு பிறக்கிற இலைக்கு அவை கிடைக்காது; பஞ்சம் குருத்தில் தெரியும். மண்ணில் வளரும் எந்தச் செடிக்கும் இது பொருந்தும். ஒரு பையில் அடங்கிய மண்ணுக்கு இன்னும் வேகமாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே வேர் தேடிப் போக வேறு இடமில்லை.

அடுத்தது நரம்பு. அடியிலை நரம்போடு சேர்ந்து முழுக்க வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவெளி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். அதே கோலம் குருத்தில் வந்தால், மஞ்சள் இலைமேல் மெல்லிய பச்சை வலை விரித்தது போல, அது இரும்பு. இலையின் அடிப்புறம் ஊதா ஏறி, செடி குறுகி நின்றால் மணிச்சத்து. நேர்மாறாக, நரம்பு மஞ்சளாகி நடுவெளி பச்சையாக நிற்கிற வெண்டையைப் பார்த்தால் உரத்தின் பேச்சையே எடுக்க வேண்டாம். அது வெள்ளை ஈ பரப்புகிற மஞ்சள் நரம்புத் தேமல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் பக்கத்துச் செடிக்குச் செய்கிற உபகாரம்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. எங்கள் ஊருக்கென்று சொல்ல வேண்டியது வேறு. இங்கே பையில் சத்து இல்லாமல் செடி வாடுவதைவிட, சத்து இருந்தும் எட்டாமல் வாடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பூட்டிப்போடுவது இரண்டு: சுண்ணாம்பு, உப்பு.

சுண்ணாம்பு எப்படி வருகிறது? கடற்கரைக்குக் கிட்டத்தில் வீடு கட்டத் தோண்டிய மண்ணை அள்ளித் தொட்டியில் நிரப்புகிறார்கள். அதை வெயிலில் பரப்பிப் பார்த்தால் கிளிஞ்சல் துணுக்குகள் மின்னும். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். ஆனால் சிப்பியும் சங்கும் மண்ணோடு மண்ணாகக் கலந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அங்கேயும் தோண்டினால் கடற்சிப்பி வருகிறது. சிப்பி முழுக்கக் கால்சியம் கார்பனேட். அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பி.எச். ஆறிலிருந்து ஏழுக்குள் இருந்தால் தொட்டிச் செடிகள் சுகமாக இருக்கும். ஏழரையைத் தாண்டினால் இரும்பு கரைய மறுக்கிறது. பி.எச். ஒரு புள்ளி ஏறும்போது மண்நீரில் கரைந்திருக்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். மண்ணிலே இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதை நம்பக் கடினமாக இருக்கும். அந்தச் செக்கச் செவேல் நிறமே இரும்பு ஆக்சைடு பூசிய மணல்தான். அந்த மண்ணையே பையில் நிரப்பி, ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை ஊற்றி வளர்த்த செம்பருத்தியின் குருத்து வெளிறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பாக இருக்கிற இரும்பு வேர் குடிக்கக்கூடிய இரும்பு இல்லை.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வரை போக வேண்டியதில்லை. காய்ந்த மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் வினிகரை விடுங்கள். நுரைத்தால் இருக்கிறது. நன்றாகப் பொங்கி நுரைத்தால் அந்த மண்ணோடு மல்லுக்கட்டுவதில் பிரயோசனமில்லை. கந்தகத் தூள் போட்டுப் பி.எச்.சை இறக்கலாம் என்பார்கள். கிளிஞ்சல் தீரும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணையே மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தெருவில் யார் வீட்டிலாவது இட்லிப்பூச் செடி நின்றால் அதன் குருத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இரும்புப் பஞ்சத்தை முதலில் காட்டிக் கொடுக்கிற செடி அது.

குருத்து வெளுத்ததும் இந்த ஊரில் கை முதலில் போவது யூரியாவுக்கு. 1975 முதல் ஸ்பிக் ஆலை யூரியா தயாரிக்கிற ஊர் இது. அந்த வெள்ளைக் குருணை மீது மக்களுக்கு ஒரு சொந்தம் உண்டு, அதில் எனக்குக் குறையில்லை. நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து கொண்ட நல்ல உரம்தான் அது. ஆனால் இரும்புக்கு ஏங்கும் செடிக்கு அதைப் போட்டால் குருத்து இன்னும் வேகமாக வரும், வரும் ஒவ்வொரு இலையும் முன்னதைவிட வெளுப்பாக வரும். வயலுக்குக் கணக்குப் பார்த்துப் போடுகிற பொருளை ஒரு சின்னப் பைக்குக் கரண்டிக் கணக்கில் கொட்டினால் வேர் நுனி கருகுவதும் உண்டு.

இரும்பா என்று உறுதி செய்ய எனக்குப் பிடித்த வழி, இலையிடமே கேட்பது. 1840களில் பிரான்சில் யூசெப் கிரி என்பவர் இரும்பு உப்புக் கரைசல் கொடுத்து வெளுத்த இலைகளைப் பச்சையாக்கிக் காட்டினார். அந்தச் சோதனையை மாடியிலேயே செய்யலாம். நாட்டு மருந்துக் கடை அன்னபேதி ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம், அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. புளிப்பு இல்லாவிட்டால் கரைசல் சீக்கிரமே துருவாக மாறிவிடும். ஒரே ஒரு வெளுத்த இலைக்கு மட்டும் சாயங்காலம் பஞ்சால் தடவுங்கள். பக்கத்து இலைக்கு, மெக்னீசியமா என்று பார்க்க, பேதி உப்புக் கரைசல். மூன்றாவது இலைக்கு ஒன்றும் வேண்டாம். மூன்றுக்கும் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அன்னபேதி பட்ட இடம் மட்டும் திட்டுத் திட்டாகப் பச்சை ஏறினால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தப் பத்து நாளும் வேறு எதையும் போடக் கூடாது. பஞ்சகவ்யம், மீன் அமிலம், நுண்ணூட்டக் கலவை என்று மூன்றையும் ஒரே நாளில் ஊற்றிவிட்டு எது கேட்டது என்று தெரியாமல் நிற்பவர்கள் அடுத்த முறையும் மூன்றையும் ஊற்ற வேண்டியிருக்கும்.

இரும்புதான் என்று தெரிந்தால் கடையில் உறையைப் படித்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை இரும்பு நம் கார மண்ணில் நிலைக்காது. இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருப்பது விலை கூடுதல். கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும். பி.எச். எட்டைத் தாண்டினாலும் அது வேருக்கு இரும்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இனி உப்பு. இதில்தான் ஆள் ஏமாறுவது அதிகம். சாம்பல்சத்துக் குறைந்தாலும் அடியிலை ஓரம் கருகும், உப்பு ஏறினாலும் ஓரம் கருகும். சாம்பல்சத்தில் ஓரம் முதலில் மஞ்சளாகிப் பிறகு காயும். உப்பில் நுனியிலிருந்தே கருகல் தொடங்கும். பையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கும். தப்பாக எண்ணிப் பொட்டாஷ் போட்டால் உப்பின்மேல் உப்பு சேர்த்ததாகிவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: கருகல் செடியின் எந்தப் பக்கம்? கிழக்குப் பார்த்த இலைகள் மட்டும் கருகியிருந்தால் மண்ணைத் தோண்டவே வேண்டாம், கடற்காற்று கொண்டுவந்த உப்பு அது. இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு அந்தப் பக்கம் ஒரு பசுமை வலை கட்டுங்கள். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது கருகுவதும் வேறு கதை. அப்போது வேர் உறிஞ்சுவதைவிட இலை இழப்பது கூடிப்போகிறது.

"தண்ணி எங்கயிருந்து வருது?" என்று நான் கேட்பது இதனால்தான். வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீர் என்றால் கவலை குறைவு. அது வீட்டுக்கே போதாமல் பலரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் செடிக்கு விடுகிறார்கள். உப்பளத்து ஊரில் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கிவிடுங்கள்; இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள கருவியை நான் கண்டதில்லை. உலக உணவு வேளாண்மை அமைப்பின் பாசனநீர் அட்டவணைப்படி, விளைச்சல் குறையாமல் தக்காளி தாங்குவது மீட்டர் கணக்கில் சுமார் 1100 வரை. பீன்ஸுக்கு 450தான் எல்லை. அதுவும் தண்ணீர் அடியில் வடிந்து போய்க்கொண்டிருந்தால்தான். மாடி அழுக்காகிறது என்று பையின் துளையை அடைத்து, தினமும் ஒரு குவளை மட்டும் ஊற்றுகிறவர்கள் வீட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு முழுக்கப் பையில் தங்குகிறது. பையில் இருக்கும் மண் அளவுக்கு மேல் நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அடியில் வடிய வைப்பதுதான் பரிகாரம். வடிகிற தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் எண் இறங்குவதைக் கண்ணால் காணலாம்.

தென்னைநார்க் கழிவையும் கழுவாமல் போடாதீர்கள். பச்சைக் கழிவில் உப்பு இருக்கிறது; மட்காமல் போட்டால் மட்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். நட்ட சில வாரத்தில் அடியிலை வெளிறுவது பல வீடுகளில் இதனால்தான்.

தக்காளியின் அடி கறுத்து அழுகினால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்கிறார்கள். கிளிஞ்சல் மண்ணில் சுண்ணாம்புக்கு என்ன குறை? ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதும், உப்புத் தண்ணீரும்தான் காய்க்கு அது போய்ச் சேராமல் தடுக்கின்றன. காலையும் மாலையும் அளவாகத் தண்ணீர், மண்மேல் காய்ந்த சருகு மூடாக்கு. அடுத்த கொத்துக் காய் சுத்தமாக வரும்.

மீன் அமிலம் எங்கள் ஊருக்கென்றே அமைந்தது. மீன் கழிவும் உடன்குடிக் கருப்பட்டியும் சம எடை, மூடிய வாளியில் மூன்று வாரத்துக்கு மேல். லிட்டருக்கு ஐந்து மில்லி. தழைச்சத்துக்கு நான் நம்புவது இதைத்தான். பச்சை மீன் கழிவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், கருவாட்டுத் துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

எதற்கும் மசியாத செடியை வேரோடு எடுத்துப் பார்த்துவிடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. மணற்பாங்கான பழைய மண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பைகளில் இது வரும். அந்த மண்ணில் எந்த உரம் போட்டும் மஞ்சள் போகாது. வேர் பழுப்பாகி நாறினால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்துக்கு ஒரு வருடத்தில் கிடைப்பதைவிட அதிகம். அந்த மழையோடு தண்ணீர் தேங்கிய தொட்டிகளில் செடி மஞ்சளானது காற்றில்லாமல் வேர் திணறியதால். துளை நன்றாக இருந்த பைகளில் உப்பெல்லாம் வடிந்துபோனது, கூடவே தழைச்சத்தும். முதல் வகைக்கு உரம் விஷம். இரண்டாவதற்கு அதுதான் தேவை.

சரியான மருந்து கொடுத்தபிறகும் பழைய இலையைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது. அடுத்து விரிகிற இரண்டு மூன்று இலைகள் எப்படி வருகின்றன என்பதுதான் கணக்கு. ஐப்பசி மழை தொடங்கும் முன் எல்லாப் பைகளின் துளைகளையும் குச்சியால் குத்திவிட்டு, பொருக்கைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். முதல் இரண்டு பெருமழை உப்பைக் கழுவிக்கொண்டு போகட்டும். அது வடிந்தபிறகு பைக்கு இரண்டு கை மண்புழு உரம். மொட்டைமாடி மழைநீரைப் பீப்பாயில் பிடித்து, தை மாசிவரை நாற்றுக்கும் இட்லிப்பூவுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.