கணு ஒடிகிற சத்தம்

தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகள் என்ற மேய்ச்சல் நிலங்கள் காங்கேயம் மாடுகளுக்காகக் காப்பாற்றி வைக்கப்பட்டவை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல், ஊடே நரிப்பயறு. அந்தப் புல்லில் கொஞ்சம் இப்போது காய்ந்து மூட்டையாகிச் சென்னை அடுக்குமாடிகளில் வளரும் முயல்களுக்குப் போகிறது. முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும். நார் நிறைந்த புல்லை மென்று தேய்க்காவிட்டால் வாயைக் குத்தும், குடலும் ஓய்ந்துவிடும். பிரித்த மூட்டையில் பூச்சி நெளிகிறது என்று முயல் வளர்ப்பவர்கள் பதறியதால்தான் மார்கழியில் அங்கே போனேன்.

பெண்கள் வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். கருக்கரிவாளை யாரும் தொடவில்லை. "பனித்தண்ணி காயட்டும் கண்ணு. ஈரத்தோட அறுத்தா கட்டுக்குள்ளயே வெந்து போயிரும்" என்றார் மூத்தவர். வெயில் ஏறிய பிறகுதான் அறுப்பு தொடங்கியது. ஒவ்வொரு பிடியையும் அறுத்ததும் ஒரு உதறு உதறித் தளர்வாகப் பரப்பினார்கள். நரிப்பயற்றுப் பூவில் கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட கொப்புள வண்டுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உதறியதில் விழுந்தவை மெல்ல ஊர்ந்து போயின.

பயப்பட வேண்டிய பூச்சி இதுதான். இதன் உடம்பிலுள்ள கேந்தரிடின் என்ற நஞ்சு காய்ந்தாலும் வீரியம் குறையாது. அமெரிக்காவில் குதிரைமசால் அறுக்கும் இயந்திரத்தின் உருளையில் இவ்வகை வண்டுகள் நசுங்கித் தீவனத்தோடு சேர்ந்து, அதைத் தின்ற குதிரைகள் செத்திருக்கின்றன. கையால் அறுத்துப் பரப்பிய புல்லிலிருந்து வண்டு உயிரோடு தப்பிப் போய்விடுகிறது. இந்த நிதானத்தை எந்த இயந்திரமும் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் புரட்டிப் போட்டார்கள். மூத்தவர் ஒரு தண்டை எடுத்துக் கணுவில் மடக்கினார், வளைந்தது. "இன்னும் ஆகலீங்க." இலை சருகாகிவிட்டாலும் கணு ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அது படக்கென்று ஒடிந்தால்தான் கட்டலாம். போரைக் கருங்கல் மேல் அடுக்குகிறார்கள். கரையான் மண்ணோடு ஏறினால் கல்லில் தடம் தெரிந்துவிடும். நடுப்போரில் கையை நுழைத்துச் சூடு பார்க்கிறார்கள். சூடு இருந்தால் உள்ளே பூஞ்சணம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சென்னைக்காரர்கள் படம் பிடித்து அனுப்பிய பூச்சியைக் காட்டினேன். வெளிறிய, இறக்கையில்லாத, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புத்தகப் பேன். அது முயலைக் கடிக்காது. பூஞ்சணத்தைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி உயிர் வாழ்கிறது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் காய்ந்து செத்துவிடும். கடற்கரை ஊரில் அது எளிதில் இறங்காது. இங்கே கணு ஒடியக் காய்ந்த புல், அங்கே மறுபடி ஈரம் குடிக்கிறது. பாலித்தீன் பையில் திணித்து மூடிவைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை. சாக்கிலோ அட்டைப்பெட்டியிலோ, சுவரையும் தரையையும் ஒட்டாமல் வைக்க வேண்டும். பூஞ்சண வாடை அடித்தால் அந்தப் புல் முயலுக்கு ஆகாது. வாடையில்லாத புல்லில் பூச்சி இருந்தால், இறுக்கக் கட்டிய பையில் சில நாள் உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்தபின் குளிர் முழுக்க இறங்கும்வரை பிரிக்காமல் விட வேண்டும். உடனே பிரித்தால் புல் வேர்த்து நனையும். பூச்சிமருந்து மட்டும் கூடவே கூடாது. நாய்க்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் முயலைக் கொன்றுவிடக்கூடும்.

எனக்கு ஆறாதது இந்தப் புல் வியாபாரத்தின் கணக்கு. புல் எடைக்கு விலைபோகிறது. காயக் காய எடை குறைகிறது. இன்னொரு நாள் புரட்டிப் போடுகிறவருக்குக் கூலிச் செலவு ஏறும், கையில் வரும் காசு இறங்கும். அரைகுறை ஈரத்தோடு கட்டியவர் அதே புல்லில் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். "மூட்டைக்கு இவ்வளவுன்னு பேசுனா நாங்களும் நிதானமாக் காயப்போடுவமுங்க" என்றார் காட்டுக்காரர். நியாயமான பேச்சு. வாங்குகிறவர்கள் தராசை விட்டுவிட்டு, மூட்டைக்குள் கைவிட்டு நாலு தண்டு எடுத்து ஒடித்துப் பார்த்து விலை பேசலாம்.