படகை அளந்த பிறகு துடுப்பு

மாப்பிள்ளை வாங்கியிருந்த படகு வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் நின்றது. 16 அடி நீளம், அலுமினியம். அடிப்பாகம் தட்டை, இரண்டு முனையும் வாழைப்பழம் போல மேலே வளைந்திருந்தன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில், தங்கை வீட்டுத் தெருவில் மட்டும் இப்படி மூன்று படகுகளைப் பார்த்தேன். பக்கத்தில் ஓடுகிற மெக்கென்சி ஆற்றின் பெயர்தான் படகுக்கும். ஆற்று ஓட்டத்தோடு மிதந்து இறங்கியபடியே தூண்டில் போடுவதற்கென்று இந்த ஆற்றங்கரையில் உருவான படகு இது.

"துடுப்பையும் சேர்த்தே குடுத்துட்டாங்க மச்சான், தனியா காசு வாங்கல" என்றார் மாப்பிள்ளை. இலவசமாக வந்ததன் அருமை போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் தெரிந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது, படகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கூட வந்தவர் தூண்டிலை மடித்து வைத்துவிட்டுக் கரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதனால் இன்று மூன்றாவது வீட்டுப் பெரியவரிடம் போகிறோம். இந்த ஆற்றில் வழிகாட்டியாகப் படகு ஓட்டிப் பிழைத்து ஓய்வு பெற்றவர். அவர் கொட்டகையில் கார் இல்லை. சுவர் முழுக்கத் துடுப்புகள்தான்.

மாப்பிள்ளை தன் எட்டடித் துடுப்பை நீட்டினார். பெரியவர் அதை வாங்கவே இல்லை. "துடுப்பு இருக்கட்டும், முதலில் படகை அளப்போம்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு நடந்தார்.

படகின் இரு பக்க விளிம்பிலும் உண்டிவில் கவட்டை போல ஒரு வெண்கலக் கவை செருகியிருக்கிறது. ஓர்லாக் என்கிறார்கள். துடுப்பு அதன் நடுவில் உட்கார்ந்து சுழலும். நம் ஊரில் எதுவானாலும் துடுப்புதான், ஆனால் ஒகேனக்கல் பரிசல்காரர் வெறுங்கையில் பிடித்து இழுக்கும் துடுப்பு வேறு, படகில் ஊன்றி வலிக்கிற இந்தத் துடுப்பு வேறு. இது ஒரு நெம்புகோல். எங்கே ஊன்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கவைக்குக் கவை 74 அங்குலம். பெரியவர் ஓர் அட்டைப்பெட்டி மூடியில் பென்சிலால் கணக்குப் போட்டார். பாதி 37. இரண்டு கைப்பிடியும் நடுவில் முட்டிக்கொள்ளக் கூடாது, முட்டினால் கட்டைவிரல் நசுங்கும், அதற்காக 2 கழித்தால் 35. துடுப்பின் மூன்றில் ஒரு பங்கு படகுக்கு உள்ளே, இரண்டு பங்கு வெளியே இருக்க வேண்டும். ஆகவே 35-ஐ மூன்றால் பெருக்கு: 105 அங்குலம். அதற்கு நெருக்கமாகக் கடையில் கிடைப்பது 9 அடி, அதாவது 108.

"உன்னுடையது 96" என்றார் மாப்பிள்ளையைப் பார்த்து. அதில் மூன்றில் ஒரு பங்கு 32. இரண்டு கைக்கும் நடுவே 10 அங்குலம் இடைவெளி விழும். கையை அகட்டி வைத்துக்கொண்டு பீரோவை இழுக்கிற மாதிரி. சரி, துடுப்பை உள்ளே தள்ளி வைத்து 35 ஆக்கிக்கொள்ளலாமே என்றால், வெளியே மிச்சம் 61 அங்குலம்தான். தண்ணீரைப் பிடிக்க அது போதாது. போன ஞாயிறு மாப்பிள்ளையின் தோளில் நடந்தது அத்தனையும் அந்த அட்டை மூடியில் எழுதியிருந்தது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று எனக்குத் தோன்றியதை அவரிடமே கேட்டேன். படகைப் போக வைக்கத்தானே துடுப்பு?

அவர் சிரித்தார். "போக வைப்பதை ஆறு பார்த்துக்கொள்ளும். துடுப்பு இந்தப் படகுக்கு பிரேக்."

விஷயமே இதுதான். இந்தப் படகில் துடுப்பு வலிப்பவர் ஓட்டம் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கி இழுக்கிறார். தண்ணீரைவிட மெதுவாகப் படகை இறக்குவதுதான் அவர் வேலை. அப்போதுதான் முன்னால் நிற்பவர் ஒரு மடுவில் நாலு தடவையாவது தூண்டில் வீச முடியும். பாறை எதிரே வந்தால் படகின் மூக்கை அந்தப் பாறையை நோக்கியே திருப்பி, பின்னால் இழுக்க வேண்டும். படகு சாய்வாக நகர்ந்து விலகிக்கொள்ளும். பயந்துபோய் மூக்கை வேறு பக்கம் திருப்பினால் வலிக்கிற வலி அத்தனையும் படகைப் பாறை மேல்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கிற கருவிக்கு நீளமும் எடையும் ஒரு பிசகு பிசகினால், அந்தப் பிசகு சாயங்காலம் வரை உடம்பில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்த வடிவத்துக்கு நூறு வருடத்துக் கதை இருக்கிறது. 1920களில் வெல்டி ப்ரூயிட் என்பவர் கனமான பழைய படகுகளை விட்டு எடை குறைந்த ஒன்றைக் கட்டினார். பிறகு யூஜீன் நகரில் தச்சர் டாம் கார்ஹஸ். அவரை அடுத்து வந்த வுடி ஹிண்ட்மன் இரு முனையும் கூரான படகைக் கட்டிப் பெயர் வாங்கினார். 1940களில் அதன் ஒரு முனையைத் தட்டையாக்கியதும் அவர்தான். மாப்பிள்ளையின் படகில் நங்கூரம் தொங்குவது அந்தத் தட்டை முனையில்தான்.

கொட்டகைக்குத் திரும்பினோம். பெரியவர் ஒரு துடுப்பை எடுத்து, சிலம்பக் கம்பு பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி அதன் நீளத்துக்கும் நோட்டம் விட்டார். வளைவு இருக்கிறதா என்பது முதல் சோதனை. இரண்டாவது, மரத்தின் ரேகை. தண்டின் நீளத்தோடு ஓடினால் நல்லது. நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறினால் ஒருநாள் அங்கேதான் முறியும். மாப்பிள்ளையின் இலவசத் துடுப்பில் ஒன்று முதல் சோதனையிலேயே தோற்றது. அதைத் தோட்டத்தில் தக்காளிக்குப் பந்தல் கால் ஆக்கச் சொன்னார்.

மூன்று வகையைக் கையில் தந்தார். ஆஷ் மரத் துடுப்பு கனம், ஆனால் அடி தாங்கும், இழுக்கும்போது லேசாக வளைந்து கொடுக்கும். ஃபர் மரம் லேசு. மூன்றாவது நார் கலந்த செயற்கைத் தண்டு, கழற்றி மாற்றக்கூடிய அலகு. லேசானது, வெயிலுக்கும் மழைக்கும் கவலையில்லை. எனக்கு எது நல்லது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் கவையில் வைத்துக் கைப்பிடியை ஒரு விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னபோது வித்தியாசம் புரிந்தது. ஆஷ் துடுப்பின் அலகைத் தூக்க உள்ளங்கை முழுதும் வேண்டியிருந்தது. கைப்பிடிப் பக்கம் தண்டைத் தடிமனாக விட்டிருந்த ஃபர் துடுப்பு, தராசுத் தட்டு போல ஒரு விரலுக்கே எழுந்தது. ஒவ்வொரு வலிப்புக்கும் அலகைத் தண்ணீரிலிருந்து ஒருமுறை தூக்கியாக வேண்டும். காலை முதல் மாலை வரை எத்தனை முறை என்று நினைத்துப் பார்த்தால், விலைச்சீட்டைவிட இந்த ஒரு விரல் சோதனைதான் முக்கியம் என்று படுகிறது.

மாப்பிள்ளை ஃபர் ஜோடியையே பெரியவரிடம் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். அலகு அகலம் ஆறரை அங்குலம். அகல அலகு தண்ணீரை நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் கோடையில் ஆழம் குறைந்த இடங்களில் கல்லையும் சேர்த்துப் பிடிக்கும்.

பிறகு பொருத்துகிற வேலை. மாப்பிள்ளையைப் படகில் உட்கார வைத்து, கால் கட்டையை முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி நகர்த்தினார். இழுப்பது கை, பலம் காலில் இருந்து வருகிறது என்றார். அலகு மட்டும் தண்ணீரில் முங்குகிற சாய்வில் துடுப்பைப் பிடிக்கச் சொல்லி, கைப்பிடிகள் அடி நெஞ்சு மட்டத்தில் வருகிறதா என்று பார்த்தார். தொடையில் இடித்தால் இருக்கை உயரம் தவறு. கைப்பிடிகளுக்கு நடுவே தன் மடக்கிய கையை வைத்தார். சரியாக ஒரு கை, நாலு அங்குலம். உள்ளே 35, வெளியே 73. அந்த இடத்தில் இரண்டு துடுப்பிலும் பென்சில் கோடு போட்டு, ரப்பர் வளையத்தை இறுக்கித் திருகினார். துடுப்பு வெளியே வழுக்கிப் போகாமல் கவையில் முட்டி நிறுத்துவது அந்த வளையம். கவையில் உரசும் பகுதிக்குக் கயிறு சுற்றியிருந்தது. பிளாஸ்டிக் உறையும் உண்டு, கயிறுதான் சத்தம் போடாது என்பது அவர் கட்சி.

கவையின் வாயைத்தான் அதிக நேரம் பார்த்தார். வாய் அகன்றிருந்தால் சுழலில் துடுப்பு தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். இறுகியிருந்தால், அலகு பாறை இடுக்கில் சிக்கும்போது துடுப்பு கழன்று வராமல் முறியும், இல்லாவிட்டால் படகைச் சாய்க்கும். ஓங்கி இழுத்தால் மட்டும் கழல வேண்டும். சுத்தியலால் இரண்டு தட்டு, ஒருமுறை இழுத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு. அலகு திரும்பிவிடாமல் நேராக நிறுத்துகிற ஒரு சின்னத் துண்டையும் மாட்டிவிட்டார். தனக்கு அது பிடிக்காது என்றும், மாப்பிள்ளைக்கு முதல் வருடம் அது இல்லாமல் முடியாது என்றும் ஒரே மூச்சில் சொன்னார். கடைசியாக, மூன்றாவதாக ஒரு துடுப்பைச் சட்டென்று உருவும்படி வாரால் விளிம்போரம் கட்டினார்.

மதியம் ஹெண்ட்ரிக்ஸ் பாலத்தருகே படகை இறக்கினோம். வைடா பக்கம் மேலே இருக்கும் மார்ட்டின் பாய்ச்சலுக்கு இன்னும் ஒரு வருடம் கழித்துப் போகலாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். உயிர்காப்புச் சட்டையின் பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கரையை விட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கையை விட்டால் எலும்பு வரை குளிர்ந்தது.

முதல் பாறையில் மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் மூக்கை விலக்கினார். "பாறையைப் பார்!" என்று பெரியவர் கத்த, திருப்பிக்கொண்டு இரண்டு இழு இழுத்தார். படகு நடு ஓட்டத்தில் நின்றேவிட்டது. தண்ணீர் இரு பக்கமும் எங்களைத் தாண்டி ஓடியது, நாங்கள் மட்டும் அங்கேயே இருந்தோம். மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

அந்த நிறுத்தத்தில்தான் எனக்கு ஒரு ரெயின்போ டிரவுட் மாட்டியது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கிற குட்டித் துடுப்பை முதலில் பாருங்கள் என்றார் மாப்பிள்ளை. பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு அதை வெட்டியிருப்பார்கள். முழுசாக இருந்தால் ஆற்றில் பிறந்தது, விட்டுவிட வேண்டும். அதன் துடுப்பு முழுசாக இருந்தது. விட்டுவிட்டேன்.

ஐந்து மணிக்குக் கரையேறினோம். மாப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரிப் படகை யாராவது உங்களுக்குத் துடுப்போடு சேர்த்து விற்க வந்தால், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். கவைக்குக் கவை எத்தனை அங்குலம் என்று அளந்துவிட்டு விலை பேசுங்கள்.